பதினோரு வீட்டு மணியார்டர்

மலாக்காவில் நாங்கள் முதலில் இறங்கிய இடமே தப்பு. காஜா பெராங் என்று நான் சொன்னது பஸ் கண்டக்டர் காதில் கிளேபாங் என்று விழுந்திருக்கிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கப்பல் முழுக்க வாந்தி எடுத்துக் கம்மிப்போன தொண்டை என்னுடையது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப்புறம் தென்னைமரங்கள், அதற்கப்புறம் தண்ணீர்.

"மறுபடியும் கடலா?" என்றார் என் வீட்டுக்காரர். அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மழை வருவதற்கு முன்னால் காற்று வரும், மண்வாசம் வரும், கொடியில் கிடக்கிற துணியை எடுக்கவாவது நேரம் கிடைக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. வாளியைக் கவிழ்த்தாற்போல் கொட்டியது. ஓலைக் கூரைக்குக் கீழே ஒரு மலாய்க்காரப் பெண் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சுடச்சுட ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தாள். நம் ஊர் பஜ்ஜிதான். ஆனால் காரத்துக்குப் பதில் தித்திப்பு, காய்க்குப் பதில் பழம். நான் ஊரில் இட்லிக்கடை வைத்திருக்கிறவள். அடுத்தவர் அடுப்பைப் பார்த்தால் என் கண் தானாகவே மாவின் பதத்துக்குப் போகும். அரிசி மாவும் துளி சுண்ணாம்பும் போட்டிருந்தாள். அதுதான் அந்த மொறுமொறுப்பு.

நான் மறுபடி "காஜா பெராங்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, நாங்கள் வந்த திசையையே காட்டினாள்.

அங்கிருந்து பெச்சாவில் போனோம். பெச்சா என்பது சைக்கிள். பக்கத்தில் ஒரு தொட்டிலைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஓட்டியவர் வயதான சீனர். இன்னொரு மனுஷன் மிதிக்கத் தான் உட்கார்ந்து வருவது என் வீட்டுக்காரருக்கு ஒப்பவில்லை. மேடு வரும்போதெல்லாம் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். சீனருக்கு அது அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்த்து என்னவோ திட்டினார். திட்டுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டு, பெர்மிட்டுக் கதையெல்லாம் வேண்டாம்.

எங்கள் தெருவில் பதினோரு வீடு. எல்லோரும் ஊர்ப் பெரிய வீட்டு வயலில் கூலிக்கு நடவு நட்டு அறுப்பு அறுக்கிறவர்கள். அந்தத் தெருவிலிருந்து வேலன் என்று ஒருவர் சின்ன வயதில் மலாயாவுக்குப் போனார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, மாட்டுவண்டி ஓட்டி, கடைசியில் மலாக்காவில் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனார். ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஊருக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார். முதலில் மொத்தமாக ஊர்ப் பெரிய வீட்டுக்கு அனுப்பி, தெருவுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். எங்களுக்கு வந்து சேர்ந்தது வருஷத்துக்கு ஒரு வேட்டி, சேலை. அதையும் வரிசையில் நின்று, கும்பிட்டு வாங்க வேண்டும்.

ஒரு தடவை அவர் நேரில் வந்தபோது இதைத் தெரிந்துகொண்டார். சத்தம் போடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் பத்து ரூபாய், அந்தந்த வீட்டுப் பெண் பேருக்கே மணியார்டர். எதற்கு, என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி கிடையாது. அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அவர் சம்சாரம் மீனாச்சி, மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், பணத்தை நிறுத்தாமல் அனுப்பி வந்தார்.

மலாயா சுதந்திரம் வாங்கிய மறு வருஷம், வருகிற சித்திரையோடு பணம் நிற்கப்போகிறது என்று தகவல் வந்தது. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு மைத்துனர் வியாபாரமாக மலாயா போனவர் அந்தம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். 'காசைக் குடிக்கிறார்கள், சோம்பேறிகளாகிவிட்டார்கள், வேலைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. அந்தப் பணத்தை மொத்தமாகக் கொடுங்கள், உங்கள் வீட்டுக்காரர் பேரில் ஊரில் ஒரு மண்டபம் கட்டிவிடலாம்' என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு கடிதம் போட்டுப் பார்த்தோம். அந்தம்மாவுக்காக மணியார்டர் கட்டுகிற கடைக்காரர் நெய்னா முகமது, 'இது கடிதத்தில் தீராது, யாராவது நேரில் வந்து சொல்லுங்கள்' என்று எழுதினார். பதினோரு வீடும் காசு போட்டது. எட்டாவது வரை படித்தவள் என்று என்னை அனுப்பினார்கள். பொம்பளை தனியாகப் போகக்கூடாது என்று என் வீட்டுக்காரரையும் சேர்த்து அனுப்பினார்கள்.

நெய்னா அண்ணன் கடை காஜா பெராங் ரோட்டு ஓரத்தில் இருந்தது. மிளகாய், மல்லி, கருவாடு, சாம்பிராணி எல்லாம் ஒரே கூரைக்குள். சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வெயிலில் வெளுத்து இன்னும் வாசலில் தொங்கின.

"வாங்க தங்கச்சி, வாங்க மச்சான். பசியாறிட்டீங்களா? வழியில ரொம்ப சூசாவாப் போச்சா?" என்றார். தொண்டிப் பக்கத்து மனுஷர். தமிழும் மலாயும் அவர் வாயில் ஒரே குழம்பு. சூசா என்றால் கஷ்டம் என்பதை எங்கள் முகத்தைப் பார்த்து அவரே விளக்கினார். டின்பால் ஊற்றிய காப்பியும் கெட்டியான ரொட்டியும் கொடுத்தார். பெராங் என்றால் கோபம், காஜா என்றால் யானை, நம் கஜம்தான் என்றார்.

"வெறி புடிச்ச யானையா? நல்ல ஊராப் பாத்து வந்திருக்கோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கினோம். மறுநாள் காலை நெய்னா அண்ணன் எங்களை மீனாச்சி அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்த வட்டாரத்தில் நடந்தபோது எனக்கு ஒரே திகைப்பு. வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் திருநீறு, உள்ளே சாமி விளக்கு. முகம் எல்லாம் நம் முகம். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு சொல் தமிழ் இல்லை. இவர்கள் பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே வேரூன்றிய செட்டிகள் என்று அண்ணன் சொன்னார். சாமி மட்டும் நம் சாமி, பேச்சு மலாய்.

மீனாச்சி அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கொண்டையில் வெள்ளி ஊசி, இடுப்பில் பூப்போட்ட கைலி, மேலே மெல்லிய சட்டை. எங்களைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, புளி கரைத்த மீன், இடித்த மிளகாயில் ஏதோ வாடை தூக்கிய துவையல். அந்த வாடை இறால் அழுகிய வாடை. முதல் வாய்க்கு எனக்குக் குமட்டியது. மூன்றாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன்.

சாப்பிட்ட கூடத்தில் வேலன் மாமாவின் போட்டோ மாலை போட்டுத் தொங்கியது. கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். கீழே தமிழில் எழுதியிருந்தது: வேலாயுதம் பிள்ளை.

"பிள்ளையா?" என்று என் வீட்டுக்காரர் காதோடு கேட்டார்.

அவர் காலை மிதித்தேன். எங்கள் தெருவில் பிள்ளை என்று யாரும் இருந்ததில்லை. இருக்கவும் விடமாட்டார்கள்.

மீனாச்சி அக்கா பேசினார். அண்ணன் தமிழில் சொன்னார். "உங்க ஊருக்காரர் வந்தாரே, ரொம்ப அடக்கமான மனுஷராம். ரெண்டு நாள் வந்தாராம். இவங்க விருந்து சமைச்சு வச்சாங்களாம். விரதம்னு சொல்லிக் கையே நனைக்கலையாம். கடையில வாங்கின சோடாவை மட்டும் ஒடைச்சுக் குடிச்சாராம். அப்படிப்பட்டவர் சொல்றது பொய்யா இருக்குமான்னு கேக்குறாங்க."

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்த விரதம் எதென்று தெரியும். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

கப்பலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சை எடுத்துவிட்டேன். ஒரே மூச்சில், நிறுத்தாமல், கண்ணில் தண்ணீர் வரப் பேசினேன். நெய்னா அண்ணன் அதை மூன்று சொல்லில் முடித்தார். மீனாச்சி அக்கா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "இவ்வளவு நேரம் அவள் பேசியது இவ்வளவுதானா?" என்று கேட்டாராம். அண்ணன் அசடு வழிந்தார். பிறகு அக்கா, மண்டபத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் வந்தவர்களைக் கேட்காமல் அனுப்பமாட்டேன், நாளை மறுநாள் போகி, அது கழியட்டும் என்று எங்களை அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அவரே வந்து என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். மொழி இல்லாமல் இரண்டு பெண்கள் சந்தைக்குப் போவது நல்ல வேடிக்கை. அவர் கத்தரிக்காயைக் காட்டுவார். நான் காம்பை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். அவர் மீனைக் காட்டுவார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளிப்பேன். மீன்காரன் கோபத்தில் கத்தினான். அவர் சிரித்த சிரிப்பில் கூடை கீழே விழுந்தது. மூங்கில் குழாயில் ஊற்றி வார்த்த கறுப்பு வெல்லம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நம் கருப்பட்டிக்குத் தம்பி. பனைக்குப் பதில் தென்னை.

மத்தியானம் அவர் வீட்டு அம்மியில் உட்கார்ந்தேன். அம்மி அதே அம்மிதான். மிளகாயை நான் அரைத்த வேகத்தைப் பார்த்து அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். என்னை 'அடெக்' என்று கூப்பிட ஆரம்பித்தார். தங்கச்சி என்று அர்த்தமாம். அரைத்துக்கொண்டே எனக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு நல்ல பெண்பிள்ளையிடம் போய் எப்படி வழக்குப் பேசுவது?

போகி அன்று எங்கள் ஊரில் கிழிந்த பாயையும் பழைய துடைப்பத்தையும் கொளுத்துவோம். இங்கே செத்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். சாமி அறையில் வாழையிலைகளை விரித்து, யார் யாருக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் வைத்தார்கள். சோறு, மீன், கோழி, பலகாரம், பழம். வேலன் மாமா இலைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் கள். சாம்பிராணிப் புகை போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். செத்தவர்கள் சாப்பிட நேரம் கொடுக்க வேண்டுமாம். பிறகு உறவினர்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அடுப்படி கழுவியாயிற்று. மீனாச்சி அக்கா, நெய்னா அண்ணனை நடுவில் உட்கார வைத்தார்.

முதல் கேள்வியே நேராக வந்தது. "குடிக்கிறார்களாமே, உண்மையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நெய்னா அண்ணன், "இல்லன்னு சொல்லிடுறேன் தங்கச்சி" என்றார்.

"சொல்லாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "குடிச்சேன். நான்தான் குடிச்சேன். கள்ளச்சாராயம். வேற வீட்டைப் பத்தித் தெரியாது. எங்க வீட்டுல மொத ரெண்டு மாசத்துப் பணம் எங்கிட்டதான் போச்சு. இவ கையில இருந்து புடுங்கிட்டுப் போனேன்."

அண்ணன் மலாயில் சொன்னார். மீனாச்சி அக்கா, "பிறகு?" என்றார்.

"பொறகு போகலம்மா."

"ஏன்?"

"சாயங்காலம் ஆனா கடன்காரன் வாசல்ல வந்து நிப்பான். அவன் மூஞ்சியப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் சாராயத்துப் பக்கம் போவேன். மூணாம் மாசம் இவ பணத்தை எங்கயோ ஒளிச்சு வச்சு அவன் பங்கைக் கொடுத்தா. நாலு, அஞ்சு மாசத்துல அவன் வர்றது நின்னுபோச்சு. வீட்டுல உக்காரலாம்போல இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

இதைக் கேட்டதும் மீனாச்சி அக்கா தலையைத் திருப்பிச் சாமி அறைப் பக்கம் கை நீட்டினார். அந்தத் தம்ளரைக் காட்டினார். தன் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையானால் கள் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடப்பார் என்றும், லாரிக்காரப் பையன்களை விட்டுத் தூக்கிவரச் சொல்வேன் என்றும் சொன்னாராம். "குடிக்கிறவனை நான் பார்க்காதவளா?" என்றாராம். எனக்குப் பாதி மூச்சு வந்தது.

பிறகு பணத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மனப்பாடப் பேச்சை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்காது. பெரிய வீட்டில் முன்பணம் வாங்கித் தின்போம். அதற்காகத் தையில் பாதிக் கூலிக்கு அறுக்க வேண்டும். மாதம் பத்து ரூபாய் வர ஆரம்பித்ததும் முன்பணத்துக்கு யாரும் போகவில்லை. தையில் முழுக் கூலி கேட்டோம். அதுதான் அவர்கள் சொல்கிற சோம்பேறித்தனம். இரவிலும் அடுப்பு எரிகிறது. அரிசியைப் படியாக வாங்காமல் மூட்டையாக வாங்குகிறோம். நாலு மாதம் சேர்த்து நான் இட்லிப்பானை வாங்கிக் கடை போட்டேன். ஒருத்தி ஆடு வாங்கினாள். ஒருத்தி கூரையைப் பிரித்து ஓடு போடுகிறாள், வருஷத்துக்கு ஒரு வரிசை. பிள்ளைகள் நாற்று நடவுக்கு வராமல் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"கனகுன்னு ஒருத்தி நெலைக்கண்ணாடி வாங்கினா" என்றேன்.

"இது வேணாமே தங்கச்சி. வீண் செலவும்பாங்க" என்றார் அண்ணன்.

"அதையும் சொல்லுங்கண்ணே."

சொன்னார். மீனாச்சி அக்கா "செர்மின்?" என்று திருப்பிக் கேட்டார். கையைத் தூக்கிக் கண்ணாடியின் உயரம் காட்டச் சொன்னார். காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதை மட்டும் தன் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பார் என்றாராம்.

சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "அவர் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா?"

"பெரியவங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியாதுக்கா. மணியார்டர் வந்தா 'மலாக்கா வந்துருச்சு'ன்னுதான் கத்தும்ங்க."

அவர் கண் கலங்கியது. பிள்ளை இல்லை, பெயர் சொல்ல ஆள் இல்லை. மண்டபம் கட்டினால் கல்லிலாவது பெயர் இருக்கும், அதில் என்ன தப்பு என்று கேட்டார். அது பணத்தாசை இல்லை, பெரிய வீட்டு மைத்துனர் பேச்சில் மயங்கியதும் இல்லை. புருஷன் பேர் எங்காவது நிற்க வேண்டும் என்ற ஆசை. அதற்கு என்னிடம் பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அந்தப் போட்டோவுக்குக் கீழே இருக்கிற எழுத்தை நான் அழித்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் பதினோரு வீடு பழையபடி வரிசையில் நிற்கும்.

"அக்கா, மண்டபத்துல அவர் பேரு இருக்கும். ஆனா அவரே உசிரோட வந்தாலும் உள்ள போய் உக்கார முடியாது. நாங்களும் முடியாது. எங்க தெரு ஆளுங்களை அதுக்குள்ள விடமாட்டாங்க."

நெய்னா அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கண்ணே."

"இதை மலாய்ல எப்படிம்மா சொல்லுவேன்? அதுக்கு இங்க வார்த்தை இல்லையே."

"சோடாவைச் சொல்லுங்க. அந்த ஆளு ஏன் இங்க கை நனைக்கலைன்னு சொல்லுங்க. விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வேலன் வீடு. வேலன் வீட்டுத் தண்ணி அவருக்கு ஆகாது."

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். அன்றுதான் முதல் தடவையாக மொழிபெயர்ப்பு நான் பேசியதைவிட நீளமாக இருந்தது. நிறுத்தி நிறுத்தி, கையைக் கையைக் காட்டி, தரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். எங்கள் நாட்டில் இதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மீனாச்சி அக்கா எழுந்து போட்டோவைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மூவரும் கடைக்குத் திரும்பினோம். "கெட்டுப்போச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தெரியல" என்றேன். பணம் போனால் போகிறது, செத்த மனுஷன் கட்டிக்காத்ததைப் போட்டு உடைத்துவிட்டேனே என்பதுதான் எனக்கு ஆற்றவில்லை.

மறுநாள் பொங்கல். கல்யாணமான பிறகு வீட்டில் பானை வைக்காத முதல் பொங்கல். காலையில் கடை திறந்ததும் மீனாச்சி அக்கா வந்தார். தலை முழுகி, கையில் அடுக்குத் தூக்குடன் வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். குரல் கட்டியிருந்தது. போட்டோவைப் பார்த்து ராத்திரி முழுக்கத் திட்டினேன் என்றாராம்.

"முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் துரத்திவிடுவேன் என்று நினைத்தானா? என் அப்பா துரத்தியிருப்பார். அது நிஜம். நான் துரத்தியிருக்க மாட்டேன். அதை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லையே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "என் வீட்டுச் சோற்றைத் தொடாதவனுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு செங்கல் போகாது. பணம் போகும். முன்பு போனதுபோல, அவரவர் பெயருக்கே போகும். நான் இருக்கிறவரை போகும். எனக்குப் பிறகு லாரி ஓடுகிறவரை போகும். என் தம்பி மகனிடம் சொல்லிவிட்டேன்."

நெய்னா அண்ணன் இதைச் சொல்லி முடித்தார். நான் அழவில்லை. எனக்குப் பசித்தது. மூன்று நாளாகச் சாப்பிட்டதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படி ஒரு பசி. தூக்கைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"அங்கே அவனை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார்.

"வேலன்."

"வேலான்" என்றார். நான் திருத்தினேன். மறுபடி சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கொடுப்போம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சரி என்று தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் நாங்களாகவே கிளேபாங் போனோம். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். வாழைப்பழப் பெண் எங்களை அடையாளம் கண்டு, இன்றைக்கும் வழி தப்பிவிட்டதா என்று கையாலேயே கேட்டாள். காசு கொடுத்து நிறைய வாங்கித் தின்றோம். வயிறு வலித்தது. நன்றாகத் தூங்கினேன்.

கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. "ஊருல எல்லாரும் உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு இருப்பாங்க. தந்தி அடிச்சிரலாம் தங்கச்சி" என்றார் நெய்னா அண்ணன். நல்ல யோசனையாகத்தான் பட்டது. 'பணம் வரும் - பூரணம்' என்று என் பேரைப் போட்டு அடித்தோம்.

எங்கள் ஊரில் தந்தி எதற்கு வரும் என்பதை மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

மாசி மாதம் ஊர் போய்ச் சேர்ந்து தெருமுனையில் கால் வைத்ததும் கனகு ஓடிவந்து என் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

"பாவி மகளே! சாவு இல்லாம யாராச்சும் தந்தி அடிப்பாங்களாடி? தந்தின்னு சைக்கிள்காரர் கத்தினதும் ஒன் மாமியா மண்ணுல விழுந்துட்டா. நீ கடல்ல போயிட்டேன்னு பாதிப் பேரு, ஒன் வீட்டுக்காரரு போயிட்டாருன்னு பாதிப் பேரு. மாரடிச்சு அழுது முடிச்ச பொறகுதான், படிக்கச் சொல்லலாமேன்னு எவளுக்கோ தோணுச்சு. வாத்தியாரைக் கூட்டியாந்தோம். அவரு படிச்சாரு. பணம் வரும்னாரு. யாருக்கும் சிரிக்கவும் தெரியல, அழுகைய நிறுத்தவும் தெரியல."

"அப்பறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுறது? அழுத வயிறு பசிக்குமில்ல. பணந்தான் வருதேன்னு பதினோரு வீட்டு அரிசியையும் ஒண்ணாக் கொட்டி வடிச்சுட்டோம்."